ஒரு குட்டியும் பதினையாயிரம் விதையும்

போன கிழமை முல்லைத்தீவுக் கரையில் கொம்புத் திருக்கை ஒன்றை வெட்டினார்கள். செட்டையை விரித்தால் எங்கள் வீட்டு விறாந்தை கொள்ளாது. ஏழு மீற்றர் வரை வளரும் இனம் அது. செவுளைத் தனியாக எடுத்து வைத்தார்கள். காய்ந்தபின் சீன மருந்துக்கென்று கடல் கடந்து போகும். காசு அதில்தான், இறைச்சிக்குப் பெரிய விலையில்லை.

வயிற்றைக் கீறியபோது உள்ளே ஒரு குட்டி. செட்டை இரண்டையும் பாய்போல உடம்போடு சுருட்டிக்கொண்டு கிடந்தது. வெட்டிய அண்ணை கத்தியை வைத்துவிட்டு, "இவ்வளவு பெரிய உடம்புக்கு இந்த ஒன்றுதானா, தம்பி?" என்றார்.

ஒன்றுதான். ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து ஒன்றை ஈனும். அடுத்ததற்கு இரண்டு மூன்று வருடங்கள், சில வேளை இன்னும் கூடச் செல்லும். அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் உலகப் பட்டியலில் 2020இல் இதையும் சேர்த்துவிட்டார்கள்.

அன்று பின்னேரம் வளவில் பார்த்தீனியம் பிடுங்கினேன். 1987இல் இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடு வந்த பூண்டு என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நாங்கள் 2010இல் திரும்பி வந்தபோது கிணற்றடியில் இடுப்பளவுக்கு நின்றது. அதைப் பிடுங்கிப் பிடுங்கியே அம்மாவின் முழங்கை வரை சொறி. முளைத்து ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும், ஒரு செடி பதினையாயிரம் விதைக்கு மேல் கொட்டும். பூக்கமுன் பிடுங்கு என்று வன்னியில் வயல் செய்கிற எவரும் சொல்வார். விதைக் கணக்கு அவர்களுக்கு அத்துப்படி.

கடலுக்குப் போனால் அந்தக் கணக்கு எங்கே போய்விடுகிறது? ஒன்றை ஈனும் உயிரையும் சின்னச் சூடை மீனைப் போல அள்ளுகிறோம்.

தொழிலாளியை நான் குறை சொல்லவில்லை. எண்ணெய் விற்கிற விலையில், வலையில் பட்டதை விட்டுவிட்டு வா என்று கரையில் நின்று சொல்வது அநியாயம். வலையை அறுத்து விடுபவருக்கு வலைக்காசு கொடுக்க வேண்டும். செவுள் வாங்குபவரைத்தான் முதலில் மறிக்க வேண்டும். வாங்க ஆளில்லாவிட்டால் இவ்வளவு பாரத்தை யார் படகில் ஏற்றுவார்கள்?

நீந்தினால்தான் அதற்கு மூச்சு. வலையில் சிக்கி அசையாமல் கிடந்தால் அதிக நேரம் தாங்காது. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் தொழில் செய்கிறவர்களே, உயிரோடு விட்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள். வலையை எந்தப் பக்கம் அறுத்தீர்கள், எத்தனை பேர் பிடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த அண்ணைக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.