தனியார் பள்ளி பார்க்கப் போகிறீர்களா? நோட்டைப் புரட்டிப் பாருங்கள்

சேர்க்கை நேரம் வந்தாலே எல்லாப் பெற்றோரும் கேட்பது "எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்?" என்றுதான். பதில் சொல்பவர்கள் கட்டடத்தையும் ரிசல்ட்டையும் வைத்துச் சொல்கிறார்கள். இரண்டுமே பள்ளி நமக்குக் காட்ட விரும்புகிறவை. பள்ளி முன்கூட்டி ஜோடித்து வைக்க முடியாதவற்றைப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ரிசல்ட். "100 சதவீதத் தேர்ச்சி" என்று பேனர் கட்டியிருந்தால், எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். அதோடு விடாமல், அதே பேட்ச் இரண்டு வருடத்துக்கு முன் எத்தனை பேராக இருந்தது என்றும் கேளுங்கள். 90 பேர் இருந்த பேட்சில் 68 பேர்தான் தேர்வு எழுதினார்கள் என்றால் மீதி 22 பேர் எங்கே? சிலர் ஊர் மாறியிருக்கலாம். சுமாராகப் படிக்கும் பிள்ளையைத் தேர்வுக்கு முன்பே டிசி கொடுத்து அனுப்பிவிடும் பள்ளிகளும் இருக்கின்றன. நுழைவுத் தேர்வு வைத்து, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் சேர்க்கும் பள்ளியின் ரிசல்ட்டையும், வருகிறவர்களை எல்லாம் சேர்க்கும் பள்ளியின் ரிசல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமே இல்லை.

அடுத்து வகுப்பில் எத்தனை பேர் என்பது. "20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர்" என்று பிரசுரத்தில் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் மொத்த மாணவர்களை விளையாட்டு ஆசிரியர், ஓவிய ஆசிரியர் உட்பட எல்லோராலும் வகுத்து வந்த கணக்கு. உங்கள் பிள்ளை உட்காரப்போகும் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் எத்தனை பெயர் என்பதே உண்மை எண். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் நடந்த ஸ்டார் ஆய்வில், 13 முதல் 17 பேர் இருந்த தொடக்க வகுப்புப் பிள்ளைகள், 22 முதல் 25 பேர் இருந்த வகுப்புப் பிள்ளைகளைவிட வாசிப்பிலும் கணக்கிலும் நன்றாகச் செய்தார்கள். பெரிய வகுப்பில் கூடுதலாக ஓர் உதவியாளரைப் போட்டதால் பெரிய பலன் கிடைக்கவில்லை. "வகுப்பு பெரிசுதான், ஆனா ஆயா, அசிஸ்டென்ட் மிஸ் எல்லாம் உண்டு" என்று சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இப்போது நோட்டுக்கு வருவோம். அந்தப் பள்ளியில் படிக்கும் தெரிந்த பிள்ளைகள் இருவரின் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரே வகுப்பு, ஒரே பாடம். இரண்டிலும் விடைகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், கரும்பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தப்பான எழுத்தின் மேலேயே சிவப்பு டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். திருத்திய தேதிகளையும் பாருங்கள். ஐந்து பாடத்துக்கும் ஒரே நாளில் கையெழுத்து என்றால், பெற்றோர் கூட்டத்துக்கு முந்தின நாள் மொத்தமாகத் திருத்தியது. கணக்கு நோட்டில் தப்பான படியை வட்டமிட்டு, கீழே பிள்ளை மறுபடி போட்டுப் பார்த்திருந்தால் அங்கே ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறார் என்று நம்பலாம். ஸ்மார்ட் போர்டைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் சொல்லும்.

அந்த ஒருவர் அடுத்த வருடமும் இருப்பாரா? கடந்த மூன்று ஆண்டு மலர்களில் ஆசிரியர் குழுப் படத்தை எடுத்து ஒப்பிடுங்கள். பாதி முகங்கள் மாறியிருந்தால் சம்பளமோ நிர்வாகமோ சரியில்லை. தொடக்க வகுப்புகளுக்கு என்ன சிலபஸ் என்பதைவிட இது முக்கியம் என்பேன். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) போன்ற சர்வதேசப் பாடத்திட்டம் என்று சொன்னால் மட்டும் ஒன்றைச் சரிபாருங்கள்: அங்கீகாரம் கிடைத்துவிட்டதா, இல்லை விண்ணப்பித்துக் காத்திருக்கும் 'கேண்டிடேட்' நிலையா? பின்னதில் அங்கீகாரம் கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை. ஐபி இணையதளத்திலேயே தேடிப் பார்த்துவிடலாம்.

கட்டணத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதல் வருடக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவது பெரிய தவறு. முதல் பள்ளியில் முதல் வகுப்புக்கு 100 என்று வையுங்கள். வருடம் 10 சதவீதம் ஏற்றுகிறார்கள். இரண்டாவது பள்ளியில் 120; வருடம் 6 சதவீதம்தான் ஏற்றம். ஆறாம் வகுப்பிலேயே முதல் பள்ளி இரண்டாவதைத் தாண்டிவிடும். பன்னிரண்டு வருடத்தையும் கூட்டினால் முதல் பள்ளிக்கு ஏறக்குறைய 2138, இரண்டாவதற்கு 2024. மலிவு என்று நினைத்ததுதான் அதிகம் வாங்கியிருக்கும். அதனால் கடந்த ஐந்து வருடக் கட்டணத்தைப் பழைய பெற்றோரிடம் கேட்டு வாங்குங்கள். வேன், சீருடை, புத்தகம், சுற்றுலா, ஆண்டு விழா உடை எல்லாவற்றையும் சேர்த்தே கூட்டுங்கள்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் என்றால், 200 வேலை நாளில் 400 மணி நேரம் வேனிலேயே போகிறது. ஆறு மணி நேரப் பள்ளி நாளாகப் பார்த்தால் 66 நாளுக்கு மேல். சின்னப் பிள்ளைக்கு அது தூக்கத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும் பிடுங்கிய நேரம். வேன் எத்தனை நிறுத்தம் சுற்றி வருகிறது என்றும் கேளுங்கள்; மேப் காட்டும் நேரம் காருக்கானது.

பள்ளியை நேரில் பார்க்க ஓபன் டே அன்று போகாதீர்கள். சாதாரண வேலை நாளில், மதிய இடைவேளை முடிந்த கையோடு போய்க் கழிப்பறையைப் பாருங்கள்: தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா. நூலகத்தில் புத்தகம் கொடுத்த பதிவேட்டில் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். பெற்றோரை வாசலோடு நிறுத்துவதைப் பாதுகாப்புக் காரணம் என்று ஒத்துக்கொள்ளலாம். முன்னனுமதி கேட்டும் ஒரு வேலை நாளில்கூட உள்ளே விட மறுத்தால், அந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

பணம் கட்டும் முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: டெபாசிட் எவ்வளவு, எப்போது திரும்ப வரும்; நடுவில் விலகினால் எந்தத் தவணை வரை கட்ட வேண்டும்; டிசி எத்தனை நாளில் கிடைக்கும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று வாயால் சொன்னால், அன்றைக்கு அட்வான்ஸ் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.