தேயிலைப் போத்தலை ஒளிக்காதீர்கள்

மனச்சோர்வுக்குத் தேத்தண்ணிதான் காரணம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. ஆரையம்பதியில் எங்கள் சின்னம்மா வீட்டில் நடந்ததைப் பார்த்தவள் நான்.

சித்தப்பா போனபிறகு சின்னம்மாவுக்குச் சோறு இரண்டு வாய்தான். ஆனால் அடுப்பில் கேத்தல் ஆறாது. உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டு, சாயம் கூடிய வெறுந்தேத்தண்ணி. நாளைக்கு எட்டு, ஒன்பது தரம். இரவு ஒன்பது மணிக்கும் ஒன்று. பிறகு விடியவிடிய விழிப்பு.

"அம்மா, இதுதான் உங்களைக் கெடுக்குது" என்று மூத்த மகன் தேயிலைப் போத்தலை ஒளித்துவிட்டான். மறுநாள் தலையிடி. மூன்றாம் நாள் யாரோடும் பேச்சில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நோய் முற்றிவிட்டதென்று எல்லோரும் பயந்துபோனோம்.

தேயிலையிலும் கோப்பியிலும் இருக்கிற, விழிப்பைத் தரும் பொருளான கஃபீனைச் சடுதியாக நிறுத்தினால் இப்படி வரும். 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தலையிடியும் அசதியும் தொடங்கும், மனமும் இறங்கும். ஒரு கிழமைக்கு மேலும் நீளலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநோய்களுக்கான கையேட்டிலேயே இது தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

சரி, கஃபீனே மனச்சோர்வைக் கொண்டுவருமா? 50,000க்கு மேற்பட்ட அமெரிக்கத் தாதிமாரைப் பத்து வருடம் தொடர்ந்த ஆய்வு 2011இல் வந்தது. கோப்பி அரிதாகவே குடித்தவர்களைவிட, நாளுக்கு நாலு கோப்பையும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்கு மனச்சோர்வு 20 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்காகக் கோப்பி மருந்தாகிவிடாது. கோப்பிதான் காத்ததா, மனம் நன்றாக இருந்தவர்கள்தான் கூடக் குடித்தார்களா என்பதை அப்படியான ஆய்வு பிரித்துக் காட்டாது.

எனக்குக் குறை இரவுத் தேத்தண்ணியில்தான். உள்ளே போன கஃபீனில் பாதி கழியவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் வேண்டும். நித்திரை கெட்ட மனம் எப்படித் தேறும்?

போத்தலைத் திருப்பி வைத்தோம். இரவுத் தேத்தண்ணியை முதலில் விட்டு, மற்றவற்றில் கிழமைக்கு ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தோம். ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கும் கூட்டிப்போனோம். ஏன் இவ்வளவு குடிக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். நாங்கள் ஒருவரும் கேட்காத கேள்வி.

"அவர் இருக்கக்குள்ள ரெண்டு பேணி ஊத்துவன். கை அப்படியே ஊத்துது."

உங்கள் வீட்டிலும் ஒருவர் சோற்றை விட்டுத் தேத்தண்ணியோடு இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கிளினிக்குக்குப் போனால் நாளைக்கு எத்தனை குடிக்கிறார் என்பதையும் சொல்லுங்கள், சில மாத்திரைகளோடு கஃபீன் உடம்பில் கூடநேரம் தங்கும். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கமான 1926க்கு எடுங்கள், இரவிலும் எடுக்கலாம்.