துரைமாருக்கு முன்னமே

இலங்கை மலையகத்துக்குக் கிறிஸ்தவம் கோப்பித் தோட்டத்து ஆங்கிலேயத் துரைமாரோடுதான் வந்தது, குருத்துவப் படிப்பில் நம் பகுதித் திருச்சபை வரலாற்றை அங்கிருந்து தொடங்கினால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை, தம்பி. தோட்டக் கோயில்கள் எழும்பியது துரைமார் காலத்தில்தான், ஆனால் கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் அடிகளார் 1692இலேயே மலையகத்திலுள்ள கண்டிக்கு வந்துவிட்டார். போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகப்பட்டு அவரைச் சிறையில் போட்டார்கள், அப்புறம் 1697இல் பெரியம்மை பரவியபோது கைவிடப்பட்ட நோயாளிகளைப் பக்கத்தில் இருந்து பராமரித்தவரும் அவர்தான். 1711இல் கண்டியிலேயே இறந்தார். ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்ததே 1815இல்! பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் அந்த ஆண்டைப் பாருங்கள். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் வாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது பாப்பரசர் ஆற்றிய மறையுரை வத்திக்கான் இணையதளத்தில் இருக்கிறது, கண்டி அம்மை நோய்ச் சம்பவம் அதிலேயே வருகிறது.