நாற்றத்துக்கு மருந்து கூடுதல் சோப்பு இல்லை
துவைத்த துணியில் நாற்றம் வந்தால் சோப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள் என்று இந்தக் கட்டுரையில் வருகிறதே, அது முன்பக்கம் கதவுள்ள ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினுக்குச் சரிவராது. இதில் டிரம் துணியை மேலே தூக்கித் தொப்பென்று கீழே போடுகிறது, அந்த அடியும் சேர்ந்துதான் அழுக்கைப் போக்குகிறது. நுரை பொங்கினால் துணி மெத்தையில் விழுந்த மாதிரி விழும், அடியே படாது. தண்ணீரும் குறைவு என்பதால் மிச்ச சோப்பு முழுசாக அலசப்படாமல் துணியிலேயே தங்கிவிடும். சந்தேகமிருந்தால், துவைத்து வைத்த துண்டுகளைச் சோப்பே போடாமல் ஒருமுறை ஓடவிட்டுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்தபோது கண்ணாடி முழுக்க நுரை! அப்புறம் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் மடிப்பை விரலால் விரித்தால் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம், அதில் ஒட்டிய முடி, நூல். நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. எப்போதும் குளிர்ந்த நீரில், 15 நிமிட ஓட்டத்திலேயே துவைப்பவர்களுக்கு இந்தப் படலம் சீக்கிரம் சேரும். மடிப்பைத் துடைத்துவிட்டு, அவ்வப்போது காலி டிரம்மை 60 டிகிரிக்கு மேல் ஓட்டி, துவைத்ததும் கதவைத் திறந்தே வைத்தால் போதும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மட்டும் அவர்கள் உள்ளே ஏறிவிடாதபடி கதவு விஷயத்தில் கவனம். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர், துண்டு ஈரத்தை உறிஞ்சவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருக்கிறார். துணியை மென்மையாக்கும் ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றுகிறீர்களா? அது நூல்மேல் மெழுகு போலப் படிந்துவிடும். துண்டுக்கு மட்டும் அதை நிறுத்திப் பாருங்கள், சில துவையலில் வித்தியாசம் தெரியும்.