பெயரை மட்டும் மாற்றினால் போதாது

வலி மாத்திரையால் தோலில் தடிப்பு வந்தால் வேறு மாத்திரைக்கு மாறலாம் என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என் அக்கா மாட்டிக்கொண்டதே அந்த இடத்தில்தான். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்ட ஒரு மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு. இடது இமை வீங்கிக் கண்ணே திறக்க முடியவில்லை. சரி, அது வேண்டாம் என்று சில மாதம் கழித்துப் பல்வலிக்கு ஐபுப்ரோஃபென் எடுத்தார். அதே தடிப்பு, இந்த முறை உதடும் வீங்கியது.

இரண்டுமே உடம்பில் உள்ள காக்ஸ்-1 என்ற நொதியைத் (என்சைமை) தடுப்பவை. பலருக்கு ஆகாதது ஒரு குறிப்பிட்ட மருந்து அல்ல, அந்தத் தடுப்பு வேலைதான். ஆஸ்பிரின், நாப்ராக்சனும் அப்படியே. (சிலருக்கு ஒரே ஒரு மருந்து மட்டும் ஆகாது, அதை ஒவ்வாமை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.) அக்காவை மருத்துவமனையில் உட்காரவைத்து, காக்ஸ்-1-ஐ அதிகம் தடுக்காத எட்டோரிகாக்சிப் என்ற வலி மாத்திரையைச் சிறு அளவில் தொடங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒத்துக்கொண்டது. பாராசிட்டமால் 500 மி.கி.யும் அவருக்குப் பிரச்சினை இல்லை.

அப்புறம், சளி, காய்ச்சலுக்கான கூட்டு மாத்திரைகளிலும் ஐபுப்ரோஃபென் இருக்கலாம், அட்டையின் பின்புறத்தைப் படித்துவிடுங்கள். மூச்சுத் திணறினாலோ, வாய்ப்புண்ணோடு தோலில் கொப்புளம் கிளம்பினாலோ, செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், போட்ட மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.