சாகப்போகிறவரிடம் பேசுவதும் சிகிச்சைதான்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், திரும்ப இங்கே போடப்போவதில்லை. கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒரு பெரியவர். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அவருக்குப் பிடித்த பதிகத்தைப் போனில் பார்த்துப் படிக்கும் செவிலியர். அந்தச் செவிலியரின் கழுத்தில் ஒரு சிலுவை. அவ்வளவுதான். அதற்கு வந்த கமெண்ட்டுகளைப் படித்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு கூட்டம் 'இதுக்குப் பின்னாடி மதமாற்றம் இருக்கு' என்கிறது. இன்னொரு கூட்டம், அதில் என் நண்பர்களே நிறையப் பேர், 'ஆஸ்பத்திரியில பக்திக்கு என்ன வேலை, ஊசி போட்டமா போனமான்னு இருக்கணும்' என்கிறது. அந்தப் பெரியவர் இரண்டு கூட்டத்தின் கண்ணிலும் படவில்லை. பதிகத்தோடு கூடவே அவர் உதடும் அசைந்ததை ஒருத்தராவது பார்த்தீர்களா?

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சாகப்போகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மனசில் கிடப்பதைக் கேட்பது சிகிச்சையின் ஒரு பகுதி. போனால் போகிறது என்று செய்யும் புண்ணிய காரியம் இல்லை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் நர்ஸாக இருந்து, மருத்துவ சமூகப் பணியாளராக இருந்து, அதற்கப்புறம் டாக்டருக்குப் படித்தவர். 1967இல் லண்டனில், கடைசிக் கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். நோய் முற்றியவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை, மனசிலும் இருக்கிறது, குடும்பத்திலும் இருக்கிறது, 'நான் வாழ்ந்ததற்கு என்ன அர்த்தம்' என்ற கேள்வியிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் அவர். கடுமையான நோயில் கிடப்பவரின் வலியையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்புக்குப் பாலியேட்டிவ் கேர் என்று பெயர். அது என்ன என்று உலக சுகாதார நிறுவனம் எழுதி வைத்திருப்பதிலும் ஆன்மிகத் தேவை இருக்கிறது. அமெரிக்காவில் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் கொடுக்கும் ஹாஸ்பிஸ் என்றால், டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளரோடு மத குருவோ வேறு ஆலோசகரோ ஒருவர் குழுவில் இருந்தே ஆக வேண்டும். விதி அப்படி. நோயாளி வேண்டாம் என்றால் அவர் விலகிக்கொள்வார்.

'உனக்கு ஏன் இவ்வளவு கோபம்' என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பா கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. கணையத்தில் புற்றுநோய், கண்டுபிடிக்கும்போதே கல்லீரலுக்குப் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம், "இவ்வளவு காலம் நான் செஞ்சதுக்கெல்லாம் ஏதாவது அர்த்தம் இருக்கா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்து, "சோடியம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஏத்திடலாம்" என்றார். அப்பா அதற்கப்புறம் அங்கே யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பகலில் மார்ஃபின் மாத்திரையைப் போட்டுக்கொள்வார். ராத்திரி மாத்திரையை மட்டும் நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பிவிடுவார். விடிய விடிய முனகல். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் பாலியேட்டிவ் சிஸ்டர் ஒருவர்தான், நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் கேட்டார்: "ராத்திரி மாத்திரை மேல மட்டும் என்ன கோபம் அய்யா?" அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. சிஸ்டரும் எழுந்திருக்கவில்லை. பிறகு சொன்னார்: "தூங்கிட்டா என் தங்கச்சி வந்து விபூதி பூசிடுவா. நெனவு தப்பினா பால் ஊத்துவாங்க. என் வாழ்க்கையே பொய்னு ஆயிடும்மா."

மகன் நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். என்னிடம் சொல்லவில்லை. அவரிடம் சொன்னார்.

சிஸ்டர் ஃபைலை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினார்: விபூதி கூடாது, பால் கூடாது, மந்திரம் கூடாது, கண் தானம் செய்ய வேண்டும். அப்பாவிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். அத்தையைத் திண்ணைக்குக் கூட்டிப்போய் பக்குவமாகப் பேசினார். அன்றைக்கு ராத்திரி அப்பா மாத்திரையை விழுங்கிவிட்டுத் தூங்கினார். அதே மாத்திரை, அதே அளவுதான். அந்த சிஸ்டர் நெற்றி நிறையக் குங்குமம் வைப்பவர், செவ்வாய்க்கிழமை விரதம் இருப்பவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தன் சாமியை அவர் எங்கள் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

இதை பக்தி என்கிறீர்களா? தோழர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளின் ஆன்மிகப் பராமரிப்புக் குழுக்களில் கடவுள் நம்பிக்கை இல்லாத மனிதநேயர்களும் வேலை பார்க்கிறார்கள். நாத்திகருக்கும் சாவு வரும், நாத்திகருக்கும் பயம் வரும். அப்பாவின் நாத்திகத்தைக் கடைசிவரை காப்பாற்றியது நாம் போட்ட கூட்டங்கள் இல்லை.

மதமாற்றம் என்று பயப்படுகிறவர்களுக்கு: நினைவு மங்கும் நேரத்தில் ஒருவர் மேல் தன் மதத்தைத் திணிப்பது பெரிய அநியாயம், அந்தப் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. அதனால்தான் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும் என்கிறேன். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று விதி வேண்டும். கேட்டால் மௌலவியைக் கூட்டி வரவும், பாதிரியாரைக் கூப்பிட்டு நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செய்யும் ஜெபம்) கொடுக்கவும், ஒன்றும் வேண்டாமென்றால் சும்மா இருக்கவும் தெரிந்த ஆள். ஆனால் அந்த வீடியோவில் இருப்பவர் படித்தது அந்தப் பெரியவரின் பதிகத்தை. தன்னுடைய ஜெபத்தை இல்லை. இதைக்கூடப் பார்க்காமல் ஒரு பெண்ணின் பெயரையும் ஊரையும் தேடி அலைகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

'டாக்டருக்கே ஆள் இல்லை' என்பவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் சின்னதாகத் தொடங்கிய பாலியேட்டிவ் கேரை ஊர் ஊராக எடுத்துப்போனது பயிற்சி பெற்ற சாதாரண ஜனங்கள். 2008இல் கேரள அரசு அதற்கென்றே கொள்கை கொண்டுவந்தது. இங்கேயும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வருகிறார்கள். மாத்திரை வருகிறது, பிசியோதெரபி வருகிறது. கேட்க ஒரு ஆளும் வரட்டும் என்றால் என்ன தப்பு?

'வீட்டு மனுஷங்க எதுக்கு இருக்காங்க' என்ற கமெண்ட்தான் என்னை ரொம்பச் சுட்டது. வீட்டு மனுஷங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அம்மா கல்யாணமான நாளிலிருந்து முருகன் படத்தை அரிசி டின்னுக்குள் வைத்துக் கும்பிட்டவள். அதை முதலில் கேட்டறிந்தவரும் அந்த சிஸ்டர்தான். "சாமி கும்பிடணும்னா எங்க போவீங்கம்மா?" என்றதும் அம்மா அழுதுவிட்டாள். கட்டிலில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "கூடத்துலயே விளக்கேத்திக்க. என் நெத்திக்கு மட்டும் வராத" என்றார்.

அப்பா போன பிறகு வந்தவர்கள் எல்லோரும் படத்திறப்புக்குத் தேதி கேட்டார்கள், பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். அம்மா ராத்திரி தூங்குகிறாளா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் சொன்னேனே, அந்த மெடிகேர் விதி, அதில் இறந்தவரின் குடும்பத்துக்கு ஒரு வருடம் வரை துணை நிற்க வேண்டும் என்றும் இருக்கிறது. இங்கே அந்த சிஸ்டர் தன் லீவு நாளில், சொந்தக் காசில் பஸ் ஏறி வந்து அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்தார். அதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது, ரிஜிஸ்டரில் எழுத ஒரு கட்டம் கிடையாது. அந்த மாதிரி மனுஷிகளின் நல்ல மனசை நம்பியே இவ்வளவு பெரிய வேலையை எத்தனை காலம் ஓட்டுவது? பதவி போடுங்கள். பயிற்சி கொடுங்கள். சம்பளம் கொடுங்கள்.

கீழே மதச்சண்டை போடுபவர்களை பிளாக் செய்வேன். உங்கள் வீட்டில் யாராவது கடைசி நாளில் எதையோ சொல்ல வந்து, கேட்க ஆள் இல்லாமல் போயிருந்தால் எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன்.