தண்ணீரை ஊற்றியது யார்?

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். நம் கிறிஸ்தவ சபை நடத்திய கருத்தரங்கு பற்றி, தண்ணீர் ஊற்றியவரின் படத்தோடு நான் போட்ட நாலு வரிப் பதிவுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நினைக்கவில்லை. நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. வந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள், வராதவர்கள் வாட்ஸ்அப்பில் பார்த்தீர்கள். 'பணிவிடைத் தலைமை' என்று இருபதடி பேனர். சிறப்பு விருந்தினர் கமிட்டி உறுப்பினர்கள் நாலு பேருக்குக் கால் கழுவினார். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, புது சாக்ஸ் மாட்டி வந்த கால்கள். அது போகட்டும். நான் கேட்டது ஒரே கேள்விதான். தண்ணீரை ஊற்றியது யார்?

நம் சபைக் கோயிலில் மணியடிக்கிற அண்ணன். குடத்தைத் தூக்கி வந்ததும், செம்பில் மொண்டு ஊற்றியதும், மேடையில் சிந்தியதைத் துடைத்ததும் அவர்தான். கேமராவை மறைக்கிறார் என்று "தள்ளி நில்லுப்பா" என்று மைக்கிலேயே விரட்டப்பட்டவரும் அவர்தான். அறுபது தாண்டியவர்.

பைபிளில் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிற யோவான் 13-ஐ எடுத்து நிதானமாக வாசியுங்கள். எழுந்தார், வஸ்திரத்தைக் கழற்றினார், சீலையை அரையிலே கட்டிக்கொண்டார், பாத்திரத்தில் தண்ணீர் வார்த்தார், கழுவினார், துடைத்தார். இத்தனைக்கும் ஒரே ஆள். செம்பு பிடிக்கப் பக்கத்தில் யாரும் நின்றதாக அங்கே எழுதவில்லை. அவர் கழுவியதில், அவரைக் காட்டிக்கொடுக்கப் போகிற யூதாசின் கால்களும் உண்டு. போன சபைத் தேர்தலில் தோற்ற அணியிலிருந்து நம் மேடையில் ஒரு காலாவது இருந்ததா?

"அது அடையாளச் செயல்தானே, அடையாளத்தில் குறை காணலாமா" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. வந்ததிலேயே இது ஒன்றுதான் கேள்வி. அடையாளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2013-ல் போப் பிரான்சிஸ், இயேசு கால் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று, ரோமில் இளம் குற்றவாளிகளை அடைத்து வைத்திருந்த சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். அதில் பெண்கள் இருந்தார்கள், இஸ்லாமியர் இருந்தார்கள். அதுவும் அடையாளந்தான், அங்கேயும் கேமரா இருந்தது. ஆனால் அன்றைக்கு யார் கால் என்பதில்தான் செய்தியே இருந்தது. நம் மேடையில் இருந்த செய்தி என்ன? தலைவர் தலைவருக்குக் கழுவுவார், வேலைக்காரர் தண்ணீர் ஊற்றுவார். அது தினமும் நடப்பதுதானே, அதற்கு எதற்கு பேனர்?

பேச வந்தவர் கிரீன்லீஃப் பெயரை ஏழெட்டு முறை சொன்னார். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து, 1970-ல் இந்தப் பணிவிடைத் தலைமையைப் பற்றிக் கட்டுரை எழுதியவர். சரி. அதே மனிதர் இதற்கு ஓர் உரைகல்லும் வைத்தார்: சமுதாயத்தில் கடைசியில் நிற்பவருக்கு இதனால் என்ன ஆகிறது? அந்தக் கேள்வி மட்டும் ஏனோ ஸ்லைடில் வரவில்லை.

"அவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம், கிறிஸ்மஸுக்குத் துணி எடுத்துக் கொடுக்கிறோம்" என்கிறீர்கள். ஐயா, நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்துச் சொன்னதும் இதைத்தானே. பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அவர் பேராயர் ஆனது அதற்கப்புறம், 1912-ல். அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். கருத்தரங்கன்று மணியடிக்கிற அண்ணனுக்கு மத்தியானம் பிரியாணி தீர்ந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு ஐயர் இருந்தார், சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் ஊர் சபையில் இருந்தவர். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்தன்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சோறு சுமப்பார். கடைசிப் பந்தியில் சமையல்காரர்களோடுதான் உட்காருவார். அப்போது கறி இருக்காது, குழம்பும் எலும்பும் இருக்கும். ஐயரம்மா எடுத்து வைத்தால் திட்டுவார். சாயங்காலம் அண்டா கழுவ முதல் ஆளாகக் கிணற்றடிக்கு வந்துவிடுவார். இதைப் பற்றி ஒரு பிரசங்கமும் அவர் செய்ததில்லை. செய்திருந்தால் கொஞ்சம் போரடித்திருக்கும், பிரசங்கம் அவருக்கு வராது.

"அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே" என்று வசனம் அனுப்பியவர்களுக்கு: நான் யாரையும் தொடவில்லை. "நீ காணிக்கை எவ்வளவு போடுகிறாய்" என்று கேட்டவருக்குப் பதில் கிடையாது. "வீட்டுச் சண்டையை ஏன் ஊருக்குக் காட்டுகிறாய்" என்பவர்கள், வீட்டுக்குள் பேச எனக்கு எந்தக் கூட்டத்தில் மைக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

உனக்கேன் இவ்வளவு எரிகிறது என்று கேட்கலாம். சொல்லிவிடுகிறேன். என் அப்பா உபதேசியார், போதகருக்குக் கீழே சபை ஊழியம் பார்த்தவர். சைக்கிளில் சபை சபையாகப் போனவர். பெரிய கூட்டங்களில் பாய் விரிப்பார், விளக்குக்குக் காற்றடிப்பார், முடிந்ததும் பாயைச் சுருட்டுவார். ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வை கிடைத்தது, வேறு யாருக்கோ வாங்கி மிஞ்சியது. குதிகால் முழுக்க வெடிப்பு. ராத்திரியில் அம்மா விளக்கெண்ணெய் தடவிவிடுவாள். எத்தனை பெரிய வியாழன் வந்து போயிற்று. அந்தக் காலைக் கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் இயேசு கழுவ வந்தபோது வேண்டாம் என்ற பேதுருவைப் போல அப்பா காலை உள்ளே இழுத்திருப்பார், அது வேறு.

நேற்று ராத்திரி மணியடிக்கிற அண்ணன் போன் செய்தார். பாராட்டப் போகிறார் என்றுதான் எடுத்தேன். "தம்பி, அதை எடுத்துருங்க. செயலாளர் ஐயா கூப்பிட்டு விட்டிருக்காக" என்றார். எடுக்க மாட்டேன், பயப்படாதீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "என் போட்டோவப் போடும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றார்.

படத்தை எடுத்துவிட்டேன். பதிவு இருக்கும்.